வடிகட்டியை எங்கே வைப்பது?

நன்னூலின் பாயிரத்தைப் படித்தவர்கள், பவணந்தி முனிவர் மாணாக்கரை எட்டு உவமைகளால் வகைப்படுத்தியிருப்பதை மறந்திருக்கமாட்டார்கள். பாலையும் நீரையும் பிரித்துப் பாலை மட்டும் கொள்ளும் அன்னம் தலைமாணாக்கருக்கு உவமை. நெய்யரி, அதாவது நெய்யை வடிக்கும் பன்னாடை, கடைமாணாக்கருக்கு உவமை. சற்றே எண்ணிப் பார்த்தால் இவ்விரண்டும் செய்யும் தொழில் ஒன்றே என்பது விளங்கும். இரண்டும் வடிகட்டுகின்றன. ஆனால் அன்னம் வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததை விடுகிறது. பன்னாடையோ நெய்யை ஒழுகவிட்டுக் கசட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வடிகட்டுதல் என்ற செயலில் உயர்வும் இல்லை, தாழ்வும் இல்லை. எது தங்குகிறது, எது போகிறது என்பதைப் பொறுத்தே புகழும் பழியும் வந்து சேர்கின்றன.

இப்பழைய உவமையை இங்கே நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. புள்ளிவிவரங்களைப் படங்களாக்கிக் கணிப்பொறித் திரையில் பரப்பிக் காட்டும் ‘டாஷ்போர்டு’ இன்று பல்கலைக்கழகங்களிலும் அலுவலகங்களிலும் எங்கும் காணப்படுகிறது. நம்மில் பலர் அதைப் பார்க்கிறோம். சிலர் அதை ஆக்கவும் செய்கிறோம். அதில் வடிகட்டி என்று ஓர் உறுப்பு உண்டு. அவ்வடிகட்டியைத் திரையிலுள்ள எல்லாப் படங்களுக்கும் போடுவதா, தெரிந்தெடுத்த சில படங்களுக்கு மட்டும் போடுவதா என்பது சிறிய கேள்வி போலத் தோன்றும். ஆனால் அதற்கு நாம் அளிக்கும் விடையைப் பொறுத்து, அதே எண்கள் உண்மையையும் சொல்லும், நேர்மாறானதையும் சொல்லும். அது எவ்வாறு என்பதைக் காண்போம்.

பலகை வந்த வழி

‘டாஷ்போர்டு’ என்பது குதிரை வண்டிக் காலத்துச் சொல். ஓடும் குதிரையின் குளம்பிலிருந்து தெறிக்கும் சேறு வண்டியோட்டியின் மேல் படாதவாறு முன்புறம் பொருத்தப்பட்ட பலகைக்கு அப்பெயர் வழங்கியது. மோட்டார் வண்டி வந்தபோது அந்த இடத்தில் வேகமானியும் எண்ணெய் அளவு காட்டும் முள்ளும் வந்து அமர்ந்தன. பெயர் மட்டும் மாறவில்லை. பிறகு, ஒரு நிறுவனத்தின் நிலையை ஒரே பார்வையில் காட்டும் திரைக்கும் அப்பெயரே வாய்த்தது.

பொதுமக்கள் இத்தகைய பலகையை நன்கு அறிந்துகொண்டது 2020-ஆம் ஆண்டில்தான். கோவிட் கொள்ளைநோய் பரவத் தொடங்கிய அவ்வாண்டு ஜனவரி 22 அன்று, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் உலக நாடுகளின் நோய்க்கணக்கைக் காட்டும் பலகை ஒன்றை வெளியிட்டனர். 2023 மார்ச் 10 வரை அதற்கு எண்கள் திரட்டப்பட்டு வந்தன. வீட்டை விட்டு வெளியே செல்ல இயலாத நாட்களில், காலையில் எழுந்ததும் இத்தகைய பலகைகளைப் பார்த்துவிட்டே காபி குடித்தவர்கள் நம் நாட்டிலும் பலர். தன் நாட்டைத் தேர்ந்தெடுத்தால் அந்நாட்டின் கணக்கு. தன் மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தால் அம்மாநிலத்தின் கணக்கு. அவ்வாறு தேர்ந்தெடுப்பதே வடிகட்டுதல். ஏட்டிலுள்ள ஆயிரம் வரிகளில் நமக்கு வேண்டியவற்றை மட்டும் நிறுத்தி, மற்றவற்றைக் கண்ணிலிருந்து மறைப்பது அதன் வேலை.

முழக்கோலையும் வெட்டிய கத்தரி

எளியதோர் எடுத்துக்காட்டிலிருந்து தொடங்குவோம். 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கைக் கொண்டு எழுத்தறிவு பற்றிய ஒரு பலகை ஆக்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் என்பதே கணக்கு. பலகையில் மூன்று படங்கள் இருக்கின்றன. முதற்படம் இந்தியா முழுவதற்குமான எழுத்தறிவைக் காட்டுகிறது. அது நூற்றுக்கு 73. இரண்டாம் படத்தில் மாநிலத்திற்கு ஒரு கம்பமாக வரிசையாக நிற்கின்றன. கேரளம் 94 என்று உயர்ந்து நிற்கிறது, பீகார் 62-க்குச் சற்றுக் குறைவாகத் தாழ்ந்து நிற்கிறது, தமிழ்நாடு 80. மூன்றாம் படம் ஆண்களின் எழுத்தறிவையும் பெண்களின் எழுத்தறிவையும் அருகருகே வைத்துக் காட்டுகிறது.

பலகையின் மேல் மூலையில் மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கும் வடிகட்டியை வைத்து, அதை மூன்று படங்களோடும் இணைத்துவிடுகிறோம். நண்பர் ஒருவர் வந்து ‘தமிழ்நாடு’ என்று தேர்ந்தெடுக்கிறார். என்ன நடக்கும்?

மூன்றாம் படம் நாம் விரும்பியபடியே மாறும். தமிழ்நாட்டு ஆண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 87 பேர், பெண்களில் ஏறத்தாழ 73 பேர் எழுத்தறிந்தவர் என்று காட்டும். நல்லது. ஆனால் இரண்டாம் படத்தில் ஒரே ஒரு கம்பம் தனித்து நிற்கும். தமிழ்நாடு கேரளத்திற்கு எவ்வளவு கீழே, பீகாருக்கு எவ்வளவு மேலே என்பதை அது இனிக் காட்டாது. எல்லாவற்றிலும் கொடுமை முதற்படத்தின் நிலை. ‘இந்தியாவின் எழுத்தறிவு’ என்ற தலைப்பு அப்படியே இருக்க, அதன் கீழே 80 என்ற எண் வந்து உட்கார்ந்திருக்கும்! நண்பர் அவசரக்காரராயின், “இந்தியாவும் 80, தமிழ்நாடும் 80, நாம் சராசரியில்தான் இருக்கிறோம்” என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்.

துணியை வெட்ட வந்த கத்தரி முழக்கோலையும் சேர்த்து வெட்டிவிட்டால், பிறகு எதைக்கொண்டு அளப்பது? இங்கே முதற்படம் முழக்கோல். மூன்றாம் படம் துணி. கத்தரி துணியின்மேல் மட்டும் செல்லவேண்டும். ஆகவே மாநில வடிகட்டியை மூன்றாம் படத்தோடு மட்டும் இணைப்பதே முறை. இரண்டாம் படத்தில் எல்லாக் கம்பங்களும் நிற்கவேண்டும். தேர்ந்தெடுத்த மாநிலத்தின் கம்பம் மட்டும் அழுத்தமான நிறம் பெற்றால் போதும்.

இது சிறு பிழை, எளிதில் கண்டுகொள்ளலாம் என்று கூறுவாரும் உளர். உண்மைதான். 73 என்ற எண்ணை அறிந்தவர் கண்டுகொள்வார். ஆனால் கண்டுகொள்வது எளிதல்லாத இடமும் உண்டு. இனி அதற்கு வருவோம்.

பெர்க்லியின் கணக்கு

1973-ஆம் ஆண்டு, அமெரிக்காவில் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மேற்பட்டப் படிப்புகளுக்கு விண்ணப்பித்தோரில் ஆண்கள் 8,442 பேர். பெண்கள் 4,321 பேர். ஆண்களில் நூற்றுக்கு 44 பேருக்கும் பெண்களில் நூற்றுக்கு 35 பேருக்கும் இடம் கிடைத்தது. இவ்வேறுபாடு தற்செயலாக நேர்ந்தது என்று தள்ளிவிடக்கூடிய அளவினது அன்று. பெண்களுக்கு அநீதி இழைக்கப்படுகிறதா என்ற ஐயம் எழுந்தது. பிக்கெல், ஹாமெல், ஓ’கானல் என்னும் மூவர் அதை ஆராய்ந்து 1975-இல் ‘சயன்ஸ்’ இதழில் கட்டுரை வெளியிட்டனர். மிகப் பெரிய ஆறு துறைகளின் எண்கள், துறைகளின் பெயர் கூறப்படாமல் எழுத்துகளால் மட்டும் குறிக்கப்பட்டு, இன்றும் புள்ளியியல் மாணவர்களுக்குப் பாடமாக இருந்து வருகின்றன. நாம் அத்துறைகளை அ, ஆ, இ, ஈ, உ, ஊ என்று குறித்துக்கொள்வோம்.

இவ்வாறு துறைகளின் எண்களைக் கொண்டு ஒரு பலகை ஆக்குவோம். முதற்படம், ஆறு துறைகளும் சேர்ந்த மொத்தத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடம் கிடைத்த வீதத்தைக் காட்டட்டும். இரண்டாம் படம், எத்துறைக்கு எத்தனை ஆண்கள், எத்தனை பெண்கள் விண்ணப்பித்தனர் என்பதைக் காட்டட்டும். மூன்றாம் படம், தேர்ந்தெடுத்த துறையில் இருபாலார்க்கும் இடம் கிடைத்த வீதத்தைக் காட்டட்டும். வடிகட்டி, துறையைத் தேர்ந்தெடுப்பது.

எதையும் தேர்ந்தெடுக்காதபோது முதற்படம் சொல்வது இது: விண்ணப்பித்த ஆண்கள் 2,691 பேரில் 1,198 பேர் இடம் பெற்றனர், பெண்கள் 1,835 பேரில் 557 பேர் இடம் பெற்றனர். அதாவது ஆண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 45, பெண்களில் 30. பார்ப்பவர் மனம் கொதிக்கும்.

இப்போது துறை வடிகட்டியை எல்லாப் படங்களோடும் இணைத்துவிட்டு, ‘அ’ துறையைத் தேர்ந்தெடுப்போம். ஆண்கள் 825 பேரில் 512 பேர்; பெண்கள் 108 பேரில் 89 பேர். நூற்றுக்கு 62, நூற்றுக்கு 82! பெண்களே மேலே நிற்கிறார்கள். சரி, இது ஏதோ ஒரு துறை என்று ‘ஆ’வுக்குப் போனால் அங்கே 63-க்கு 68. மீண்டும் பெண்களே மேல். ‘இ’யில் 37-க்கு 34, ‘ஈ’யில் 33-க்கு 35, ‘உ’வில் 28-க்கு 24, ‘ஊ’வில் 6-க்கு 7. ஆறு துறைகளில் நான்கில் பெண்கள் முந்தியிருக்கிறார்கள். மற்ற இரண்டில் மூன்று நான்கு புள்ளிகள் பிந்தியிருக்கிறார்கள். அப்படியானால் மொத்தத்தில் பதினான்கு புள்ளி பிந்தியது எங்ஙனம்?

பலகையின் முன் அமர்ந்திருப்பவர் இப்போது திகைக்கிறார். மொத்தக் கணக்கைத் திரும்பப் பார்க்கலாம் என்றால் அது திரையில் இல்லை. வடிகட்டி முதற்படத்தையும் பிடித்துக்கொண்டதால் அதுவும் ஒரு துறையின் எண்ணையே காட்டுகிறது. மூன்றாம் படம் சொன்னதையே திரும்பச் சொல்கிறது. இரண்டாம் படத்திலோ ஒரு துறையின் கம்பங்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. அவர் செய்யக்கூடியது என்ன? மொத்தக் கணக்கு தவறு என்று எண்ணலாம். துறைக் கணக்கு தவறு என்று எண்ணலாம். இரண்டுமே சரியான கணக்குகள் என்பது அவருக்குத் தோன்றாது. தோன்றச் செய்யும் படம் எதுவோ, அதையே நாம் வடிகட்டிக் கெடுத்துவிட்டோம்.

இனி, வடிகட்டியை மூன்றாம் படத்தோடு மட்டும் இணைத்து, மற்ற இரண்டையும் அதன் பிடியிலிருந்து விடுவிப்போம். ‘அ’ துறையைத் தேர்ந்தெடுத்தால் மூன்றாம் படம் 62, 82 என்கிறது. முதற்படம் 45, 30 என்று அசையாமல் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே இரண்டாம் படம் முழுமையாக விரிந்திருக்கிறது. அதைப் பார்த்த மாத்திரத்தில் புதிர் அவிழ்கிறது. ஆண்களின் கம்பங்கள் ‘அ’விலும் ‘ஆ’விலும் ஓங்கி நிற்கின்றன. விண்ணப்பித்த 2,691 ஆண்களில் 1,385 பேர், அதாவது பாதிக்கு மேற்பட்டோர், இவ்விரு துறைகளையே நாடியிருக்கிறார்கள். 1,835 பெண்களில் இவ்விரண்டையும் நாடியவர்கள் 133 பேரே. நூற்றுக்கு ஏழு பேர். அவ்விரண்டும் எத்தகைய துறைகள்? கேட்டவரில் மூவரில் இருவருக்கு இடம் கொடுத்த துறைகள். பெண்கள் பெரும்பாலோர் சென்ற துறைகளோ இடம் அரிதாகக் கிடைப்பவை. அவற்றுள் ‘ஊ’ துறையில் 714 பேர் விண்ணப்பித்து 46 பேருக்கே இடம் கிடைத்தது. அகன்ற வாயிலில் ஆண்களும், குறுகிய வாயிலில் பெண்களும் கூடி நின்றார்கள். ஒவ்வொரு வாயிலிலும் காவலர் பெரும்பாலும் ஒரே விதமாகவே நடந்துகொண்டார். ஆயினும் மொத்தத்தில் உள்ளே போன பெண்களின் வீதம் குறைந்தது.

பகுதிகள் ஒன்று சொல்ல, மொத்தம் வேறொன்று சொல்லும் இவ்விந்தையைப் புள்ளியியலார் ‘சிம்ப்சன் முரண்’ என்பர். எட்வர்டு சிம்ப்சன் 1951-இல் எழுதிய கட்டுரையால் அப்பெயர் வந்தது. அவருக்கு முன்னரே, 1903-இல், யூல் என்பவர் இதைக் குறிப்பிட்டிருக்கிறார்.

இங்கே ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். “பார்த்தீர்களா, பெண்களுக்குக் குறையே இல்லை” என்று இக்கணக்கைக் காட்டி வாதிப்பதும் பிழையே. பெண்கள் ஏன் குறுகிய வாயில்களுக்கே சென்றனர் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. கட்டுரையாசிரியர் மூவரும் அதற்கான காரணத்தைப் பல்கலைக்கழகத்திற்கு முன்னே உள்ள பள்ளிக் கல்வியிலும் சமூகத்தின் வளர்ப்பு முறையிலும் கண்டனர். மொத்தத்தை மட்டும் பார்த்தவர், தேர்வுக் குழுவின்மேல் பழி சுமத்தியிருப்பார். துறைகளை மட்டும் பார்த்தவர், குறையே இல்லை என்று எழுந்து போயிருப்பார். மூன்று படங்களையும் ஒருசேரப் பார்த்தவரே, குறை எங்கே இருக்கிறது என்று அறிந்து அங்கே செல்வார். ஒரு வடிகட்டியின் இணைப்பில் இவ்வளவு பொருள் அடங்கியிருக்கிறது.

வடிகட்டி மாறினால் இணைப்பும் மாறும்

நிற்க. அதே பலகையில் துறை வடிகட்டியோடு, ஆண், பெண் என்று பிரிக்கும் இன்னொரு வடிகட்டியையும் வைப்பதாகக் கொள்வோம். ‘பெண்’ என்று தேர்ந்தெடுத்தால் எப்படங்கள் மாறவேண்டும்? முதற்படமும் மூன்றாம் படமும் இருபாலாரையும் ஒப்பிடுவதற்கென்றே பிறந்தவை. அவற்றிலிருந்து ஒரு பாலை நீக்கினால் ஒப்பீடே அழிந்துபோகும். ஆகவே அவற்றை இதற்குக் கட்டுப்படுத்தலாகாது. இரண்டாம் படமோ இதை ஏற்கலாம். பெண்கள் எந்தெந்தத் துறைகளை நாடினர் என்பது தெளிவாகத் தெரியும். துறை வடிகட்டியிலிருந்து எதைக் காத்தோமோ, அதையே இங்கே இணைக்கிறோம்.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. ஒரு படத்தை நோக்கி, “இது வடிகட்டப்பட வேண்டியதா?” என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. “இந்த வடிகட்டிக்கு இந்தப் படம் உட்பட வேண்டுமா?” என்று இணை இணையாகக் கேட்கவேண்டும். மூன்று வடிகட்டிகளும் ஐந்து படங்களும் இருந்தால் பதினைந்து கேள்விகள். கணிப்பொறியைத் திறக்குமுன் ஒரு தாளை எடுத்து, இடப்பக்கம் வடிகட்டிகளையும் மேற்பக்கம் படங்களையும் எழுதிக் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஆம், இல்லை என்று குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஆம் என்பதா, இல்லை என்பதா? அதை முடிவு செய்ய ஒரு கேள்வி போதும். இப்படம் நாம் தேர்ந்தெடுத்த பகுதியைப் பற்றிப் பேசுகிறதா, அல்லது அப்பகுதியை எதனோடு ஒப்பிடவேண்டுமோ அதைப் பற்றிப் பேசுகிறதா? முன்னதாயின் இணைக்க. பின்னதாயின் விலக்குக. பகுதிக்கும் மொத்தத்திற்கும் உள்ள பங்கைக் காட்டும் படமாயின், மொத்தத்தை வெளியே நிறுத்திப் பகுதியை மட்டும் அழுத்தமான நிறத்தால் காட்டுக.

செய்முறை

மேற்கூறியதைச் செய்யும் வழி ஒவ்வொரு மென்பொருளிலும் சிறிது வேறுபடும். நம் மாணவர்கள் மிகுதியும் கையாளும் மூன்றை மட்டும் இங்கே கூறுவேன்.

எக்செலில் ‘ஸ்லைசர்’ என்னும் வடிகட்டி 2010-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து உண்டு. பிவட் டேபிள் ஒன்றிலிருந்து அதை உருவாக்கினால், முதலில் அந்த ஒரு டேபிளோடு மட்டுமே அது இணைந்திருக்கும். அதன்மேல் மவுஸின் வலப்பொத்தானை அழுத்தி ‘ரிப்போர்ட் கனெக்‌ஷன்ஸ்’ என்பதைத் திறந்தால், அதே மூலத்திலிருந்து பிறந்த பிவட் டேபிள்களின் பட்டியல் வரும். வேண்டியவற்றிற்கு மட்டும் குறியிடுக. இங்கே ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். பிவட் படம் தன் டேபிளைப் பின்பற்றியே நடக்கும். ஒரே டேபிளிலிருந்து இரண்டு படங்களை வரைந்துவிட்டு, ஒன்றை வடிகட்டவும் மற்றதை விடவும் இயலாது. தனித்து நிற்கவேண்டிய படத்திற்குத் தனி டேபிள் வேண்டும். டேபிள்களுக்குத் தொடக்கத்திலேயே பொருளுள்ள பெயரிட்டுவிடுவதும் நன்று. இல்லையேல் பட்டியலில் ‘பிவட்டேபிள் 3’, ‘பிவட்டேபிள் 7’ என்றே வரும். எது எது என்று தேடித் தலைசுற்றும்.

பவர் பி.ஐ.யில் நிலைமை நேர்மாறு. அங்கே ஒரு பக்கத்தில் வடிகட்டியை வைத்தவுடன், தடுக்காதவரையில், அதே தரவிலிருந்து பிறந்த எல்லாப் படங்களின்மேலும் அது பாயும். தடுக்க வேண்டுமாயின் வடிகட்டியைத் தேர்ந்தெடுத்து, ‘ஃபார்மட்’ பகுதியில் ‘எடிட் இன்டராக்‌ஷன்ஸ்’ என்பதை அழுத்துக. மற்ற ஒவ்வொரு படத்தின் மேலும் சிறு குறிகள் தோன்றும். ஒன்று ‘வடிகட்டுக’ என்பது. குறுக்குக்கோடிட்ட வட்டம் ‘விட்டுவிடுக’ என்பது. வடிகட்டிக்குப் பதிலாக ஒரு படத்தின் கம்பத்தையே அழுத்தித் தேர்ந்தெடுக்கும்போது, பல படங்களில் மூன்றாவது குறியும் கிடைக்கும். அது ‘ஹைலைட்’. மொத்தக் கம்பம் மங்கலாகப் பின்னால் நிற்க, தேர்ந்தெடுத்த பகுதி மட்டும் அழுத்தமாகத் தெரியும். பங்கைக் காட்டுவதற்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை.

டேப்லோவில் வடிகட்டி தொடக்கத்தில் தான் பிறந்த ஒரே தாளுக்கு மட்டும் உரியது. அதன் பட்டியலில் ‘அப்ளை டு வொர்க்‌ஷீட்ஸ்’ என்பதைத் திறந்து, ‘செலெக்டெட் வொர்க்‌ஷீட்ஸ்’ என்பதில் வேண்டிய தாள்களைக் குறிக்கலாம். பக்கத்திலேயே ‘இத்தரவைப் பயன்படுத்தும் எல்லாத் தாள்களுக்கும்’ என்ற பொருளுடைய தேர்வும் இருக்கும். ஒரே அழுத்தில் வேலை முடிகிறது என்ற மகிழ்ச்சியில் பலர் அதை அழுத்திவிடுகிறார்கள். முழக்கோல் அறுபடுவது பெரும்பாலும் அங்கேதான்.

வயலுக்கு நீர் பாய்ச்சுபவர் மடையின் இயல்பை அறிந்திருக்கவேண்டும். எக்செலிலும் டேப்லோவிலும் மடை மூடியிருக்கிறது, நாம் திறக்கவேண்டும். பவர் பி.ஐ.யில் திறந்திருக்கிறது, நாம் மூடவேண்டும். ஒன்றில் பழகியவர் மற்றொன்றுக்குச் செல்லும்போது தடுமாறுவதற்கு இதுவே காரணம்.

சொல்லாமல் விடுதல்

இணைப்பைச் சரியாகச் செய்துவிட்டால் கடமை முடிந்ததா? இல்லை. ஒரே திரையில் சில படங்கள் வடிகட்டப்பட்டும், சில வடிகட்டப்படாமலும் இருக்கின்றன என்பது ஆக்கியவருக்குத் தெரியும். பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? மேலே ‘துறை: அ’ என்று இருந்தால், கீழே உள்ளவை யாவும் ‘அ’ துறையைப் பற்றியவை என்றே எவரும் கொள்வர். ஆகவே ஒவ்வொரு படத்தின் தலைப்பிலும் அதன் எல்லையை எழுதிவிட வேண்டும். ‘எல்லாத் துறைகளும்’ என்று ஒன்றில். ‘தேர்ந்தெடுத்த துறை மட்டும்’ என்று மற்றொன்றில். வடிகட்டிக்கு உட்பட்ட படங்களை அதன் அருகே ஒரே கட்டத்திற்குள் வைத்து, மற்றவற்றைக் கட்டத்திற்கு வெளியே வைப்பதும் நல்ல வழக்கம்.

இரண்டாவது, வடிகட்டியைப் போட்டுவிட்டு எடுக்க மறந்துவிடுவது. ஒருவர் ‘அ’ துறையைத் தேர்ந்தெடுத்து, அந்நிலையிலேயே கோப்பைச் சேமித்துவிடுகிறார். மறுநாள் திறப்பவர் அதையே முழுக்கணக்கு என்று எண்ணி அறிக்கை எழுதிவிடுகிறார். எல்லா வடிகட்டிகளையும் நீக்கும் பொத்தான் ஒன்று கண்ணுக்கெதிரே இருக்கட்டும். கணக்கிலிருக்கும் மொத்தப் பேர் எத்தனை என்ற எண்ணும் எப்போதும் தெரியட்டும். 4,526 இருக்கவேண்டிய இடத்தில் 933 இருந்தால், பார்ப்பவர் விழித்துக்கொள்வார்.

மூன்றாவது, எண்ணிக்கை சுருங்குவது. ‘ஆ’ துறையில் பெண்களில் நூற்றுக்கு 68 பேருக்கு இடம் கிடைத்தது என்றோம். ஆனால் அங்கே விண்ணப்பித்த பெண்கள் 25 பேர். இடம் பெற்றவர் 17 பேர். இருவருக்கு இடம் கிடைக்காது போயிருந்தால் 68 என்பது 60 ஆகியிருக்கும். வடிகட்ட வடிகட்ட ஆட்கள் குறைகிறார்கள். வீதம் மட்டும் அதே கம்பீரத்தோடு நிற்கிறது. ஆகவே வீதத்தின் அருகே ஆட்களின் எண்ணிக்கையையும் எழுதுவது நேர்மை.

நான்காவது ஒன்று உண்டு. அது கணக்கைத் தாண்டி மனிதரைத் தொடுவது. நம்மைப்போல் பிறந்த ஊரை விட்டு வெளிமாநிலத்தில் படிப்போரின் சங்கம் ஒன்று, விடுதிச் செலவு, குடும்ப வருவாய், உடல்நலம் ஆகியவை பற்றிப் பெயர் கேட்காமல் வினாத்தாள் கொடுத்து விடைகளைத் திரட்டுகிறது என்று கொள்வோம். பெயர் இல்லையே, அச்சமென்ன என்று எல்லோரும் மனம் திறந்து எழுதுகிறார்கள். பிறகு அதைப் பலகையாக்கி, துறை, ஆண்டு, பால், தாய்மொழி என்று நான்கு வடிகட்டிகளை வைத்து எல்லாப் படங்களோடும் இணைத்துவிடுகிறார்கள். ஒருவர் இயற்பியல், ஆராய்ச்சி, பெண், தமிழ் என்று வரிசையாக அழுத்துகிறார். திரையில் எஞ்சுவது ஒரே ஒரு மாணவி. அவள் யார் என்பது அவ்விடுதியில் உள்ள எல்லோருக்கும் தெரியும். அவள் தந்தையின் வருவாயும் அவள் உண்ணும் மருந்தும் இப்போது சுவரொட்டியாகிவிட்டன. பெயர் கேட்காமல் பெற்ற நம்பிக்கையை வடிகட்டி உடைத்துவிட்டது. வருவாய், உடல்நலம் போன்ற படங்களை இத்தகைய வடிகட்டிகளோடு இணைக்கவே கூடாது. அல்லது, குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் கீழே ஆட்கள் குறையும்போது படம் மறைந்துவிடும்படி செய்யவேண்டும். இதனால் எண்களின் உண்மை கெடுவதில்லை. ஒருவரது மானம் காப்பாற்றப்படுகிறது.

முடிவுரை

பெர்க்லியின் ஆறு துறைகளையும் மீண்டும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அங்கே எந்த எண்ணும் பொய் சொல்லவில்லை. எவரும் கணக்கைத் திருத்தவில்லை. வடிகட்டி எப்படத்தைத் தொட்டது, எப்படத்தை விட்டது என்ற ஒன்றே, திரையின் முன் இருப்பவர் எதை நம்பி எழுந்து போவார் என்பதைத் தீர்மானித்தது. நாளை நம்மில் சிலர் அலுவலகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் அரசுத் துறைகளிலும் இத்தகைய பலகைகளை ஆக்குவோம். எந்தப் பள்ளிக்கு ஆசிரியர் வேண்டும், எந்த மருத்துவமனைக்குப் படுக்கை வேண்டும் என்பதை அவற்றைப் பார்த்தே சிலர் முடிவு செய்வர். அப்போது எல்லாப் படங்களுக்கும் ஒரே அழுத்தில் வடிகட்டியைப் பூட்டிவிடும் சோம்பலை நாம் விலக்கவேண்டும். ஒவ்வொரு படத்தையும் நோக்கி, நீ துணியா, முழக்கோலா என்று கேட்டு, அதற்குத் தக்கபடி இணைக்கவேண்டும்.

அன்னமும் வடிகட்டுகிறது, பன்னாடையும் வடிகட்டுகிறது. கையில் இருக்கும் கருவி ஒன்றே. எதைத் தங்கவைப்பது என்று அறிந்து வைப்பது நம் பொறுப்பு.